பழைய சாக்கிலிருந்து ஊஞ்சல் திண்டு: முதல்முறை செய்பவர்களுக்கு

சென்ற சித்திரையில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டின் உக்கிராண அறையை, அதாவது சாமான் அறையை, ஒழித்தோம். கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்று பங்காளிகள் ஒன்று கூடும்போது மட்டும் திறக்கிற அறை. வெண்கலப் பானைகளுக்கு அடியில், நாலாக மடித்து அடுக்கிய சணல் சாக்குகள் பதினேழு கிடந்தன. "கொல்லையில போட்டு எரிச்சுடலாம்" என்றார் சித்தப்பா. அப்பத்தா ஒன்றை எடுத்து விரித்து, விளிம்பைக் கட்டைவிரலால் நிமிண்டிப் பார்த்தார்கள். "இழை சாகலைடா. இதுல கைவேலை பண்ணலாம்."

அந்தச் சாக்குகளில் சில இப்போது முகப்பு ஊஞ்சலில் திண்டாக இருக்கின்றன. ஒன்று பட்டாலைக் கூடத்தில் தொங்குகிறது. துளசிச் செடியின் தொட்டிக்கும் ஒரு உறை ஆயிற்று. வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் எப்படிச் செய்தது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. தையல் மிஷினில் நேர்கோடு ஓட்டத் தெரிந்தால் போதும். மிஷின் இல்லாதவர்கள் கையாலும் தைக்கலாம், நேரம்தான் கூடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாக்கு வேலையில் முக்கால்வாசி, ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. தேர்ந்தெடுப்பது, பிரிப்பது, கழுவுவது, பிசிறாமல் வெட்டுவது. இவற்றில் அவசரப்பட்டால் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் ஒரு மாதத்தில் பிசிறு கிளம்பி, வாடை அடித்து, மறுபடியும் கொல்லைப்புறத்துக்கே போய்விடும்.

எந்தச் சாக்கு ஆகும்

இப்போது கடைகளில் பெரும்பாலும் வருவது பின்னல் பிளாஸ்டிக் சாக்கு. அது இந்த வேலைக்கு ஆகாது. வெயிலில் பொடியும், உட்கார்ந்தால் வழுக்கும், இஸ்திரி பட்டால் உருகும். நமக்கு வேண்டியது சணல். 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உணவு தானியத்தையும் சர்க்கரையில் ஒரு பகுதியையும் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்பது அதன்படி வந்த விதி. அதனால் சணல் சாக்கு இன்னும் அற்றுப் போகவில்லை. மொத்த மளிகைக் கடையிலும் பழைய சாக்கு வாங்கி விற்பவர்களிடமும் கேளுங்கள். ரேஷன் கடையில் கேட்க வேண்டாம். அங்கே காலிச் சாக்குக்கும் கணக்கு உண்டு.

முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பருப்பு, கோதுமை, நெல், காப்பிக்கொட்டை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். உரம், பூச்சிமருந்து தடவிய விதை, சிமெண்ட் வந்த சாக்கை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கழுவினாலும் அது முழுதாகப் போய்விட்டது என்று நம்ப முடியாது. குழந்தைகள் முகம் வைத்துப் படுக்கிற பொருள் இது.

மிளகாய்ச் சாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் பக்கத்து முண்டு மிளகாய் வந்த சாக்கு ஒன்று எனக்குக் கிடைத்தது. நல்ல நெசவு, ஓட்டையே இல்லை. இரண்டு உதறு உதறிவிட்டு வாளியில் நனைத்துக் கசக்கினேன். கொஞ்ச நேரத்தில் விரல் இடுக்கெல்லாம் தீயாக எரிந்தது. தண்ணீரில் கழுவக் கழுவ எரிச்சல் பரவியதே தவிர அடங்கவில்லை. தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்ட பிறகுதான் அடங்கியது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில்தான் கரையும். ஐந்து தண்ணீர் மாற்றிய பிறகும் சணல் இழைக்குள் அது இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மிளகாய்ச் சாக்கு திண்டுக்கு வேண்டவே வேண்டாம்.

வாங்கும் இடத்திலேயே இரண்டு சோதனை செய்துவிடுங்கள். விளிம்பிலிருந்து ஒரு இழையை உருவி, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். எதிர்த்து நின்று அறுந்தால் உயிர் இருக்கிறது. தூள் உதிர்ந்து பிய்ந்தால் அந்தச் சாக்கின் காலம் முடிந்தது. அடுத்து, சாக்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எலி கடித்த ஓட்டையும் நைந்துபோன இடமும் தெரியும். ஓட்டைக்குப் பயப்பட வேண்டாம், அதை விலக்கி வெட்டிக்கொள்ளலாம். நைந்த இடம் பரவலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

உதறல், வெயில், பிரித்தல்

வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு, சாக்கை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, கொடியில் போட்டுக் குச்சியால் அடியுங்கள். மூலையில் தங்கிய தானியமும் தூசும் உதிரும். பிறகு கறுப்பு பாலிதீன் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, நல்ல வெயிலில் ஒரு முழுப் பகல் மொட்டை மாடியில் வையுங்கள். வண்டும் புழுவும் அந்தச் சூட்டில் தாங்காது. செட்டிநாட்டுச் சித்திரை வெயிலை இதைவிட நல்ல வேலைக்குப் பயன்படுத்த முடியாது.

அப்புறம் பிரிக்க வேண்டும். சாக்கின் வாயை மூடிய மிஷின் தையல் அப்படியே இருந்தால் அதை வெட்டாதீர்கள். ஒரு பக்கம் நூல் நேராக ஓடும், மறுபக்கம் சங்கிலிபோல் வளையம் வளையமாக இருக்கும். ஒரு முனையில் இழுத்தால் முடிச்சாக இறுகும். மறுமுனையில் முதல் வளையத்தை நறுக்கிவிட்டு இழுத்தால் சரசரவென்று கடைசிவரை ஒரே உருவலில் வந்துவிடும். அந்த நூலைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பக்கவாட்டுத் தையல் தடித்தது, அடர்த்தியானது. அதைச் சிறு கத்தரியால் நாலு தையலுக்கு ஒன்றாக நறுக்கிப் பிரியுங்கள். பெரும்பாலான சாக்கு, ஒரே நீளத் துணியை நடுவில் மடித்து இரு பக்கமும் தைத்ததுதான். ஐம்பது கிலோச் சாக்கைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 22 இன்ச் அகலமும் 74 இன்ச் நீளமும் உள்ள துணி கிடைக்கும். உங்கள் சாக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அளந்துகொள்ளுங்கள்.

கழுவுதல்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

புதுச் சாக்கிலும் சரி, பழசிலும் சரி, மண்ணெண்ணெய் சாயலில் ஒரு வாடை இருக்கும். சணலை நூலாக நூற்பதற்கு முன் இழை இளகுவதற்காக ஆலையில் எண்ணெய் தெளிப்பார்கள். அந்த எண்ணெயின் வாடை அது. தண்ணீர் மட்டும் போதாது, நுரைக்கிற ஏதாவது வேண்டும். நான் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரைப் பயன்படுத்துகிறேன். மென்மையான சலவைத் திரவமும் சரிதான். ஒரு பெரிய வாளித் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி போதும்.

தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்கட்டும். கொதிநீர் ஊற்றினால் சணல் கன்னாபின்னாவென்று சுருங்கும். ஊறவைப்பது அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பருத்தி நனைந்தால் உறுதி கூடும். சணல் அதற்கு நேர்மாறு, நனைந்தால் பலம் குறையும். அதனால் துவைக்கும் கல்லில் அடிப்பது, முறுக்கிப் பிழிவது இரண்டும் கூடாது. வாளிக்குள் கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். முதல் தண்ணீர் வரக்காப்பி நிறத்தில் வரும். பயப்படாதீர்கள். தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள், மூன்று நான்கு முறை ஆகும். கடைசி அலசலில் அரை டம்ளர் வினிகர் சேர்த்தால் மீதி வாடையும் போகும்.

பிளீச்சிங் பவுடர் போட்டு வெளுக்கப் பார்க்காதீர்கள், இழை செத்துவிடும். வாஷிங் மிஷினிலும் போடாதீர்கள். உதிர்கிற சணல் பஞ்சு தண்ணீர் போகும் குழாயை அடைத்துக்கொள்ளும்.

காயவைப்பது நிழலில். கழுவுமுன் வெயில் கேட்ட அதே சாக்குக்குக் கழுவிய பின் வெயில் ஆகாது. மரத்தில் இருக்கிற லிக்னின் என்ற பொருள் சணலிலும் இருக்கிறது. வெயில் படப்பட அது பழுப்பேறும், பழைய செய்தித்தாள் மஞ்சளிப்பது போல. வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் இதற்கென்றே கட்டியது போன்ற இடம்: காற்று வரும், நேர்வெயில் விழாது. லேசான ஈரம் இருக்கும்போதே, மேலே ஒரு பழைய வேட்டித் துண்டை விரித்து இஸ்திரி போட்டுவிடுங்கள். முழுதாகக் காய்ந்தபின் சுருக்கம் லேசில் போகாது.

எங்கள் வீடுகளில் எதைத் துவைத்தாலும் கஞ்சி போடும் வழக்கம் உண்டு. சாக்குக்கு மட்டும் போடாதீர்கள். கரப்பானையும் பூச்சியையும் வீட்டுக்குள் விருந்துக்குக் கூப்பிட்டதாகிவிடும்.

சாக்கில் அச்சடித்த எழுத்தோ முத்திரையோ இருந்தால், அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். ஆலைப் பெயரும் எடைக் குறியும் மங்கிப்போய் நிற்பதில் ஒரு தனி அழகு இருக்கிறது. அதை மறைக்க மேலே பெயின்ட் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை. காய்ந்த பிறகு ஈர வெள்ளைத் துணியால் முத்திரையை ஒற்றிப் பாருங்கள். மை ஒட்டினால் அந்தப் பகுதியைச் சுவரில் மாட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், திண்டுக்கு வேண்டாம்.

பிசிறாமல் வெட்டுவது

சாக்கில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினால் கோணலாகத்தான் வரும். நெசவே கொஞ்சம் இழுபட்டிருக்கும். வெட்ட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு இழையை ஊசி முனையால் கிளப்பி, மெதுவாக உருவி எடுங்கள். இழை போன இடத்தில் நூல் பிடித்தது போல ஒரு சந்து விழும். அதுதான் உங்கள் வெட்டுக்கோடு.

உடனே கத்தரி வைத்துவிடாதீர்கள். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, அந்தச் சந்தின் இருபுறமும் அரை இன்ச்சுக்குத் தூரிகையால் தடவுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் காயட்டும். பிறகு நடுவில் வெட்டினால் இழை கட்டுண்டு நிற்கும், ஒன்றுகூட உதிராது. சிக்சாக் தையல் போடும் மிஷின் இருந்தால் பசைக்குப் பதில் அதை ஓட்டலாம். நான் இரண்டையும் செய்கிறேன். திண்டை எத்தனை பேர் எத்தனை முறை இழுப்பார்கள் என்று ஊஞ்சல் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

திண்டு

சின்னத் திண்டு, 24 இன்ச் நீளம், 6 இன்ச் விட்டம். ஊஞ்சலில் கைக்கு அணையாகவும் திண்ணையில் தலைக்கு வைக்கவும் சரியாக இருக்கும். இந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 6 இன்ச் விட்டத்துக்குச் சுற்றளவு 19 இன்ச் வரும். தையலுக்குப் பக்கத்துக்கு ஒரு இன்ச் விட்டால் 21. கழுவிச் சுருங்கிய சாக்கின் அகலம் ஏறக்குறைய அதுதான், எனவே அகலத்தில் வெட்டவே வேண்டியதில்லை. நீளத்தில் 26 இன்ச்சாக இரண்டு துண்டு எடுத்தால், ஒரு சாக்கில் இரண்டு திண்டு. மிச்சம் ஒன்றரை அடித் துணி தொட்டி உறைக்கு ஆகும்.

திண்டின் இரண்டு முனையையும் சணலிலேயே சுருக்க முயலாதீர்கள். தடிமன் தாங்காமல் நடுவில் பெரிய ஓட்டை நிற்கும். முனைக்குப் பழைய பருத்திச் சேலை வேண்டும். எங்களுக்குக் கண்டாங்கி இருக்கிறது. அரக்கும் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட அந்தக் கனமான பருத்தி, சணலின் பழுப்போடு சேரும்போது எனக்கு வேறு எந்தத் துணியும் தோன்றுவதில்லை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதுச் சேலையில் கத்தரி வைக்க மனம் வராது. கிழிந்ததில் கரை மட்டும் நன்றாக இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். 21 இன்ச்சுக்கு 6 இன்ச் அளவில் ஒரு திண்டுக்கு இரண்டு பட்டை.

மிஷினுக்கு 16ஆம் நம்பர் ஊசி, தடிச் சாக்கென்றால் 18. நூல் ஜீன்ஸ் தைக்கிற நூல். தையலை நீளமாக வையுங்கள், இன்ச்சுக்கு ஆறேழு தையல். நெருக்கித் தைத்தால் ஊசியே சணலை வரிசையாக அறுத்துவிடும். ஒவ்வொரு திண்டு முடிந்ததும் பாபின் கூட்டைத் திறந்து பஞ்சைத் துடையுங்கள். கையால் தைப்பவர்கள் கோணி ஊசியைத் தேடிப் போக வேண்டாம், அது போடும் ஓட்டை பெரிது. தடித்த கம்பளி ஊசியால் பின்தையல் போடுங்கள்.

முதலில் சணல் துண்டின் 21 இன்ச் விளிம்புகள் இரண்டிலும் சேலைப் பட்டையை வைத்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, ஒரு இன்ச் உள்ளே தையுங்கள். திருப்பி, தையல் மடிப்பைச் சேலைப் பக்கமாகச் சாய்த்து, மேலே இன்னொரு தையல் ஓட்டுங்கள். சணல் விளிம்பு சேலைக்கு அடியில் சிறைப்பட்டுவிடும், முகத்தைக் குத்தாது. இப்போது முழுத் துணியையும் நல்ல பக்கம் உள்ளே இருக்க நீளவாக்கில் மடித்து, குழாய் போல ஓரத்தைத் தையுங்கள். இரு முனையிலும் கடைசி ஒன்றரை இன்ச்சைத் தைக்காமல் விடுங்கள். அந்த ஒன்றரை இன்ச்சில் அரை இன்ச்சை உள்ளே மடக்கி, மீதியை இன்னொரு மடிப்பாக மடித்து விளிம்போடு தைத்தால் கயிறு ஓடுகிற புழை கிடைக்கும், பாவாடை நாடாவுக்கு வைப்பது போலத்தான்.

உள்ளே இலவம் பஞ்சு. நேரே உறைக்குள் திணிக்காதீர்கள், உறையைக் கழற்றித் துவைக்க முடியாமல் போகும். பழைய வேட்டியில் 32 இன்ச்சுக்கு 21 இன்ச் எடுத்து, ஓரத்தில் அரை இன்ச் மட்டும் விட்டுத் தைத்து, ஒரு முனையைக் கட்டி, பஞ்சை அடைத்து, மறுமுனையைக் கட்டுங்கள். உள்பை உறையைவிட ஒரு பொடி பெரிதாக இருந்தால்தான் திண்டு தொய்யாமல் நிற்கும். அரை முதல் முக்கால் கிலோ பஞ்சு பிடிக்கும். பஞ்சைக் கட்டியாகப் போடாமல் கையால் பிய்த்துப் பிய்த்து, முதலில் ஓரங்களிலும் பிறகு நடுவிலும் அடையுங்கள்.

உறையை நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பி, உள்பையை நுழைத்து, புழையில் கயிறு ஓட்டி இழுத்துக் கட்டுங்கள். சாக்கின் வாயிலிருந்து உருவிய நூல் இருக்கிறதல்லவா, அதை மூன்று புரியாகப் பின்னினால் இந்தக் கயிறு தயார். முனையில் சின்ன ஓட்டை தெரிந்தால், சேலைத் துணி சுற்றிய பெரிய பொத்தான் ஒன்றைத் தைத்து மூடிவிடலாம். அப்பத்தா முதல் திண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு பிடி பஞ்சு கொள்ளும்" என்றார்கள். பிரித்து அடைத்தேன். அது சரிதான், ஒரு வாரத்தில் பஞ்சு அமுங்கிக்கொள்கிறது.

சுவருக்கும் தரைக்கும்

முத்திரை உள்ள துண்டை, மேலும் கீழும் மடித்துத் தைத்து மூங்கில் கழி நுழைத்தால் சுவரில் மாட்டலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பழைய வீட்டுச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடி போல மெழுகிய பூச்சு அது. ஒரு ஆணியில் கையகலத்துக்குப் பெயர்ந்து வரும், அதே போலத் திரும்பப் பூசித்தர ஆள் கிடைப்பது சிரமம். ஜன்னல் கம்பியிலோ உத்தரத்து வளையத்திலோ கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

மிதியடி செய்ய ஆசைப்பட்டால் சாக்கை இரட்டையாக மடித்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்தால் ஆயிற்று. ஆத்தங்குடிக் கல், அதாவது எங்கள் பக்கத்துக் கைவேலைச் சிமெண்ட் கல், பதித்த தரையில் மட்டும் ஈரமாகப் போட்டு வைக்காதீர்கள். சணல் விடும் பழுப்புத் தண்ணீர் கல்லில் கறையாக இறங்கும். அந்த வழுவழுப்பில் மிதியடியும் வழுக்கும், அடியில் ரப்பர் வலை ஒன்று வைத்துத் தைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், ஆத்தங்குடித் தரைக்கு மேலே எதையும் விரிக்காமல் இருப்பதே நல்லது.

தொட்டி உறைக்கு மிச்சத் துணியைத் தொட்டியின் சுற்றளவுக்குத் தைத்து, வாயை வெளியே இரண்டு மடிப்பு மடித்துவிடுங்கள். அடியில் தட்டு அவசியம், தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் சணல் அழுகும்.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் சணல் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும். வாரம் ஒரு முறை திண்டுகளை எடுத்துத் தட்டி, காற்றோட்டத்தில் இரண்டு மணி நேரம் வையுங்கள். பீரோவில் மடித்து வைக்கும் உறைகளுக்கு நடுவே காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ போடுங்கள். சுவரை ஒட்டித் தரையில் அடுக்க வேண்டாம், கறையான் முதலில் தேடி வருவது அங்கேதான்.

கார்த்திகை தீபத்தன்று திண்ணை முழுக்க அகல் வைப்போம். சணல் சட்டென்று பற்றிக்கொள்ளும். அன்றைக்குச் சாயங்காலமே திண்டு, தொங்கல் எல்லாவற்றையும் கழற்றி உள்கட்டில் வைத்துவிட்டு, அப்புறம் விளக்கை ஏற்றுங்கள்.